‘டோன்ட் லுக் நவ்’: அழகாக எடுக்கப்பட்ட ஒரு படம் எப்படிப் பயமுறுத்துகிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேய் முகமும் இரத்தமும் திடீர்ச் சத்தமும் இல்லாமல், பார்ப்பதற்கு அழகாகவும் மனத்தை உள்ளிருந்து கலக்குவதாகவும் உள்ள ஒரு திகில் படத்தைச் சொல்லுங்கள், அது எவ்வாறு பயமுறுத்துகிறது என்பதையும் விளக்குங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, இவ்வகைப் படங்களில் ‘ஸ்டைல்’ மட்டுமே இருக்கிறது, கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை என உங்கள் அண்ணா வாதிடுவதையும் எழுதியிருக்கிறீர்கள். அண்ணாவின் கூற்றிலிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி.

நான் பரிந்துரைக்கும் படம் நிக்கலஸ் ரோக் இயக்கி 1973இல் வெளிவந்த ‘டோன்ட் லுக் நவ்’. டாஃப்னி டு மோரியே எழுதிய ஒரு நீண்ட சிறுகதையைத் தழுவியது. டொனால்ட் சதர்லண்டும் ஜூலி கிறிஸ்டியும் கணவன் மனைவியாக, ஜோன், லோரா என்னும் பாத்திரங்களில் நடித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் அவர்களுடைய வீட்டுக்கு அருகில் உள்ள குளத்தில் மகள் மூழ்கி இறந்துபோகிறாள். சில காலத்தின் பின், வெனிஸ் நகரில் ஒரு பழைய தேவாலயத்தைப் புதுப்பிக்கும் வேலைக்காக ஜோன் அங்கு தங்கியிருக்கிறார். மனைவியும் உடன் இருக்கிறார். உணவகம் ஒன்றில் வயதான இரு சகோதரிகளைச் சந்திக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது. ஆனால் இறந்த பிள்ளை தாய் தகப்பனுக்கு நடுவில் சிரித்தபடி அமர்ந்திருப்பதைத் தான் ‘கண்டதாக’ அவர் சொல்கிறார். லோரா நம்புகிறார், ஜோன் மறுக்கிறார். அதே நாட்களில் நகரில் யாரோ தொடர்ந்து கொலை செய்கிறார்கள். ஒடுங்கிய சந்துகளின் முடிவில், சிவப்பு மேலங்கி அணிந்த ஒரு சிறிய உருவம் ஜோனின் கண்ணில் பட்டுப் பட்டு மறைகிறது.

இவ்வளவுதான் கதை. நீங்கள் இதை யாரிடமாவது வாய்மொழியாகச் சொல்லிப் பாருங்கள். கேட்பவருக்கு அனுதாபம் வரும், சிறிது ஆர்வம் வரும், பயம் வராது. முடிவையும் சேர்த்துச் சொன்னால் சிலர் சிரிக்கவும் கூடும். கதையில் தனியாகப் பயம் இல்லை என்று அண்ணா சொல்வது அந்த அளவில் உண்மை. ஆனால் இதிலிருந்து அவர் எட்டும் முடிவை நான் ஏற்கமாட்டேன். கதையைச் சொல்லும்போது இல்லாத பயம் படத்தைப் பார்க்கும்போது வருகிறது என்றால், அது நிறத்திலும், ஒரு காட்சியை வெட்டி அடுத்ததோடு இணைக்கும் வெட்டிலும், ஒலியிலும்தானே இருந்திருக்க வேண்டும்? இந்தப் படத்தில் ‘ஸ்டைல்’ என்பது கதைக்கு மேல் போர்த்திய பட்டுச்சால்வை அல்ல. பார்வையாளருக்கு எதை, எப்போது, எவ்வளவு தெரியப்படுத்துவது என்று தீர்மானிப்பதே அதுதான்.

படத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். மழைத்துளி விழும் குளம். ஞாயிற்றுக்கிழமை மதியம் போன்ற ஒரு சோம்பல். சிவப்பு மழை அங்கி அணிந்த சிறுமி குளக்கரையில் விளையாடுகிறாள், அண்ணன்காரன் சைக்கிள் ஓட்டுகிறான். வீட்டுக்குள்ளே ஜோன் தேவாலயத்தின் படத்தகடுகளை (ஸ்லைடுகளை) ஒளிபாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். லோரா ஒரு புத்தகத்தைப் புரட்டுகிறார். உலகம் உருண்டை என்றால் உறைந்த குளம் ஏன் தட்டையாக இருக்கிறது என்று மகள் கேட்ட கேள்விக்கு அவர் விடை தேடுகிறார். தட்டையாகத் தோன்றும் பெரிய ஏரியும் உண்மையில் சற்று வளைந்தே இருக்கிறது என்று புத்தகம் சொல்கிறது. கணவனும் மனைவியும் இதைச் சாதாரணமாகப் பேசிக் கடந்துவிடுகிறார்கள். படம் முழுவதற்குமான எச்சரிக்கை அந்த வீட்டுப் பேச்சுக்குள் இருக்கிறது என்பது அந்தக் கணத்தில் எவருக்கும் தெரியாது.

இப்போது வெட்டுகளைக் கவனியுங்கள். வெளியே சிறுமி வாயருகே கையைக் கொண்டுபோகிறாள். உள்ளே தாயும் அதையே செய்கிறார். வெளியே சைக்கிள் சில்லின் கீழ் ஒரு கண்ணாடி உடைகிறது. உள்ளே ஜோன் தலையை நிமிர்த்துகிறார். வெளியே பந்து தண்ணீரில் விழுகிறது. உள்ளே ஒரு குவளை சரிந்து, அதிலிருந்த தண்ணீர் படத்தகட்டின் மேல் பரவுகிறது. அந்தத் தகட்டில் தேவாலய இருக்கையில் சிவப்பு முக்காட்டுடன் ஒரு உருவம் அமர்ந்திருப்பதை நாம் ஏற்கனவே கண்டிருக்கிறோம். தண்ணீர் பட்டதும் அந்தச் சிவப்பு கரைந்து, வளைந்து, மெல்லப் படரத் தொடங்குகிறது. ஜோன் அதைப் பார்க்கிறார், எழும்புகிறார், வெளியே ஓடுகிறார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பிள்ளையைக் காக்கக் காலம் கடந்துவிட்டது.

இந்தச் சில நிமிடங்களில் பேய் இல்லை, கொலைகாரன் இல்லை. பிள்ளை விழுவதைக்கூட நாம் முழுமையாகப் பார்க்கவில்லை. ஆயினும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களை இத்தனை முறை பொருத்திப் பொருத்திக் காட்டியதால், உலகத்தில் எல்லாமே இரகசியமாக ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கிறது என்ற ஐயம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. இதன் பிறகு படத்தில் சிவப்பு எங்கே தெரிந்தாலும், கண்ணாடி உடைந்தாலும், தண்ணீர் அசைந்தாலும் நமக்கு வயிறு கலங்கும். வெனிஸின் சாம்பலும் பழுப்புமான குளிர்கால நிறங்களுக்கு நடுவில் சிவப்பை ரோக் மிகவும் சிக்கனமாகச் செலவழிப்பதால்தான் அது தோன்றும் ஒவ்வொரு முறையும் ஒரு செய்தியாக வந்து விழுகிறது. மூலக்கதையில் பிள்ளை மூளைக்காய்ச்சலில் இறந்துபோகிறாள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அதைக் குளமாக மாற்றியது படக்குழு. தண்ணீரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைத் தண்ணீரின் மேல் நிற்கும் நகருக்குக் கொண்டுபோய் விட்டால், அவர்கள் எந்தத் தெருவில் திரும்பினாலும் அந்தக் குளம் முன்னே நிற்கும்.

காத்திருப்பினால் வரும் பதற்றத்தைப் பற்றிப் பேசும்போது மர்மப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்கொக்கைக் கடந்துபோக முடியாது. பிரெஞ்சு இயக்குநர் துருஃபோவுடனான நீண்ட உரையாடலில் அவர் சொன்ன உதாரணம் புகழ்பெற்றது. மேசையின் கீழே குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் அது வெடித்தால் பதினைந்து வினாடி அதிர்ச்சி. அது இருப்பது நமக்குத் தெரிந்து, மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம். அதாவது, பாத்திரத்தைவிடப் பார்வையாளருக்கு அதிகம் தெரிய வேண்டும். ரோக் இந்தச் சூத்திரத்தை எடுத்து ஒரு படி திருகிவிடுகிறார். ஜோனைவிட நமக்கு அதிகம் தெரிகிறது. ஆனால் தெரிந்தது என்னவென்று நமக்கே தெரியவில்லை. குண்டு இருக்கிறது, மேசை எது என்று தெரியாது. அடையாளங்கள் குவிந்துகொண்டே போகின்றன. அவை எதைச் சுட்டுகின்றன என்பது மட்டும் கடைசி வரை பிடிபடுவதில்லை.

இதைவிட நுட்பமான இன்னொன்று உண்டு. அந்தப் பார்வையற்ற மூதாட்டிக்கு இருப்பதாகச் சொல்லப்படும் முன்னறியும் சக்தி ஜோனுக்கும் இருக்கிறது என்று படம் சொல்கிறது. குளத்துக்கு ஓடியதே அதற்குச் சான்று. ஆனால் அவர் அதை ஏற்க மறுக்கிறார். கல்லையும் சுண்ணாம்பையும் நம்புகிற, அறிவுவாதியான ஒரு மனிதர். தன் கண்ணில் படுவதையெல்லாம் ‘இப்போது நடப்பது’ என்றே எடுத்துக்கொள்கிறார். மகனுக்கு ஏற்பட்ட சிறு விபத்தொன்றினால் லோரா இங்கிலாந்துக்கு விமானம் ஏறிய பிறகு, வெனிஸின் கால்வாயில் செல்லும் ஒரு படகில் அதே லோரா கறுப்பு உடையில், அந்த இரு சகோதரிகளுடன் நிற்பதை ஜோன் காண்கிறார். கூவி அழைக்கிறார், படகு போய்விடுகிறது. மனைவியைக் கடத்திவிட்டார்கள் என்று பொலிஸிடம் போகிறார். அவர் கண்டது பொய்யல்ல. அதை அவர் வாசித்த விதம்தான் பிழை. அந்தக் காட்சியின் பொருளை நான் இங்கே உடைக்கப் போவதில்லை. பகல் வெளிச்சத்தில், ஒரு படகும் மூன்று பெண்களும் மட்டுமே உள்ள காட்சி அது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, படம் முடிந்த பிறகு அதை மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

காலத்தை இப்படிக் குலைத்து அடுக்குவது ரோக்கின் பழக்கம். இந்தப் படம் வெளிவந்தபோது அதிகம் பேசப்பட்ட, தணிக்கையாளர்களைச் சங்கடப்படுத்திய படுக்கையறைக் காட்சியிலும் அதுவே நிகழ்கிறது: கணவனும் மனைவியும் இணைந்திருக்கும் காட்சியோடு, அதன் பிறகு அவர்கள் வெளியே சாப்பிடப் போவதற்காகத் தனித்தனியே உடையணியும் காட்சி மாறி மாறி வெட்டப்பட்டிருக்கிறது. நெருக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே அது நினைவாகிவிடுகிறது. குடும்பத்தோடு பார்க்க வேண்டாம் என்று இதற்காகவும் சொல்லி வைக்கிறேன்.

வெனிஸ் என்றவுடன் நமக்குத் தோன்றும் சுற்றுலா அட்டை இந்தப் படத்தில் கிடையாது. பருவகாலம் முடிந்துவிட்டது, தங்கியிருக்கும் ஹொட்டேலே மூடப்படப் போகிறது, வேலையாட்கள் தளபாடங்களுக்கு உறை போடுகிறார்கள். பாத்திரங்கள் பேசும் இத்தாலிய மொழிக்கு ஆங்கில வசனவரிகளும் தரப்படவில்லை. ஜோனுக்கு அந்த மொழி ஓரளவு தெரியும், நமக்குத் தெரியாது. பொலிஸ் அதிகாரி ஒருவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து, மிகவும் மரியாதையாக, எதையோ மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார். அவர் ஜோனைச் சந்தேகிக்கிறாரா அனுதாபப்படுகிறாரா என்று தெரிவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்குப் புதிதாக வந்து, சிங்களம் விளங்காமல் ஒரு கருமபீடத்தின் முன்னால் நின்று, உள்ளே இருவர் தன்னைப் பார்த்துக்கொண்டே கதைப்பதைக் கேட்ட எவருக்கும் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது. ஐரோப்பிய விமர்சகர்கள் இதை ஒரு உத்தி என்று எழுதுகிறார்கள். எங்களில் பலருக்கு அது அனுபவம்.

ஒலியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மகளின் உடலைக் கண்டு லோரா வீரிடும் அலறல் முழுமையடைவதற்குள், வெனிஸில் சுவரைத் துளைக்கும் துளைகருவியின் ஓசையாக மாறிவிடுகிறது. மாதங்களையும் நாடுகளையும் ஒரே வெட்டில் கடக்கும் இந்த இணைப்பு, அந்த அலறல் நின்றுவிடவில்லை, வேலைக்குள் புகுந்துவிட்டது என்று உணர்த்துகிறது. இசை பினோ டொனாஜியோவுடையது. வெனிஸ் பகுதியைச் சேர்ந்த பாடகரான அவர் இசையமைத்த முதல் திரைப்படமே இதுதான்; பின்னாளில் அமெரிக்க இயக்குநர் பிரையன் டி பால்மாவின் படங்களுக்குத் தொடர்ந்து இசையமைத்தார். படத்தின் தொடக்கத்தில் பியானோவில் வாசிக்கப்படும் மெட்டு, பழகிய கையால் அல்லாமல், ஒரு பிள்ளை தட்டித் தடவி வாசிப்பது போல் ஒலிக்கும். வழக்கமான திகில் இசை நம்மைத் தயார்படுத்தும்; இது மனத்தை இளக வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது.

ரோக் இயக்குநராவதற்கு முன்பு ஒளிப்பதிவாளர். பிரித்தானிய இயக்குநர் டேவிட் லீனின் ‘லோரன்ஸ் ஒஃப் அரேபியா’வில் (1962) இரண்டாம் படப்பிடிப்புக் குழுவில் வேலை செய்தவர். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே டேவிட் லீன் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தை எங்கள் நாட்டில், கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல் பாலம் கட்டிப் படமாக்கினார். அந்தப் படப்பிடிப்பைச் சிறுவனாகப் பார்த்தபோது, ‘மழை’ என்று லீன் கட்டளையிட்டதும் மழை பெய்ததாகவும், அன்றே தான் சினிமாக்காரனாவது என்று முடிவெடுத்ததாகவும் பின்னாளில் சொன்னவர், மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. அவரும் பூனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்று, கமராவிலிருந்து இயக்கத்துக்கு வந்தவர். அவருடைய ‘மூடுபனி’ (1980), தமிழில் இந்த வகைக்கு மிக அருகில் வந்த படங்களுள் ஒன்று என்பது என் மதிப்பீடு.

‘மூடுபனி’யில் பிரதாப் போத்தன் நடித்த இளைஞன் சிறுவயதுக் காயத்தால் மனம் சிதைந்தவன், கொலைகள் செய்பவன், ஷோபா நடித்த ரேகாவை அவன் கடத்திக்கொண்டுபோய் ஊட்டியில் ஒரு வீட்டில் வைத்திருக்கிறான். யார் கொலையாளி என்ற புதிரில் படம் தங்கியிருக்கவில்லை. மேசையின் கீழே குண்டு இருப்பது நமக்கும் தெரியும், ரேகாவுக்கும் தெரிந்துவிடுகிறது. அவனுடைய அடுத்த மனநிலை எது என்பதுதான் எவருக்கும் தெரியாது. பெரும்பாலும் இயல்பான வெளிச்சத்தையே நம்பும் பாலு மகேந்திராவின் கமரா, ஒரு பெண் பயந்துகொண்டே சாதாரணமாக நடந்துகொள்ள முயலும் முகத்தைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இளையராஜாவின் நூறாவது படம் இது. இருந்தும் அவர் பல இடங்களில் இசையை அடக்கியே வைத்திருக்கிறார். குறையும் உண்டு. கொலையாளியின் மனத்துக்குத் தரப்படும் காரணம் மிகவும் நேர்கோடாக இருக்கிறது. தாய், தகப்பன், ஆகவே இது என்று கணக்குப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ரோக் அப்படி எந்தக் கணக்கையும் முடித்துத் தருவதில்லை.

இனி அண்ணாவின் பக்கத்துக்கு வருகிறேன். அவர் சொல்லும் வெறுமையான படங்கள் நிறையவே இருக்கின்றன. நீலமும் சிவப்புமாக மின்குமிழ்களைப் போட்டு, நடைபாதை முழுவதும் புகையை விட்டு, கமராவைச் சாய்த்து வைத்து, எவரும் பேசாமல் இரண்டு நிமிடம் நடந்தால் அது உளவியல் திகில் என்று நம்பும் இயக்குநர்கள் பெருகிவிட்டார்கள். தமிழில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பேயும் நகைச்சுவையும் கலந்த படங்கள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நான் குறை சொல்லமாட்டேன், அவை பயமுறுத்துவதாக நடிப்பதே சிரிக்க வைப்பதற்காகத்தான். ஆனால் மேற்சொன்ன ‘அழகான’ படங்கள் தங்களை மிகவும் பாரதூரமாக எடுத்துக்கொள்கின்றன. அவற்றைப் பிரித்தறிய நான் கையாளும் வழி எளிமையானது. கண்ணைப் பறிக்கும் காட்சி ஒன்று வந்தால், இது எனக்கு எதைச் சொன்னது, எதை மறைத்தது என்று கேட்டுக்கொள்வேன். இரண்டுக்கும் விடை இல்லையென்றால் அது வெறும் அலங்காரம். கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ (2012) இந்தச் சோதனையில் தேறும். ஒரு மனிதன் தனக்கு நடந்ததாகச் சொல்லும் கதையை எவ்வளவு நம்புவது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, கைவிளக்கு வெளிச்சத்தில் எதைக் காட்டுவது என்பதை அது கவனமாகத் தெரிவு செய்கிறது.

‘டோன்ட் லுக் நவ்’ உங்களுக்குப் பிடித்துவிட்டால் அடுத்ததாக ஜாக் கிளேட்டனின் ‘தி இன்னொசென்ட்ஸ்’ (1961) பாருங்கள். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய குறுநாவலிலிருந்து வந்தது. பெரிய மாளிகை ஒன்றில் இரண்டு பிள்ளைகளைப் பராமரிக்க வரும் ஆசிரியை, இறந்துபோன இருவரின் ஆவிகள் பிள்ளைகளைப் பிடித்திருக்கின்றன என்று நம்பத் தொடங்குகிறார். ஆவிகள் உண்மையா, ஆசிரியையின் மனத்தின் உற்பத்தியா என்பதைப் படம் தீர்த்துவைப்பதில்லை. அகலத்திரையில் எடுக்குமாறு நிறுவனம் வற்புறுத்தியதால், அந்த அகலம் அச்சத்தின் இறுக்கத்தைக் கெடுத்துவிடுமோ என்று கவலைப்பட்ட ஒளிப்பதிவாளர் ஃபிரெடி ஃபிரான்சிஸ், வில்லைக்கு முன்னால் வைக்கும் வடிகட்டிகளின் ஓரங்களில் கையால் வண்ணம் பூசி, சட்டகத்தின் இரு பக்கமும் இருள் கவியும்படி செய்தார். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். பகல் நேரத்தில், ஏரிக்கரை நாணல்களுக்கு நடுவில், கறுப்பு உடையில் ஒரு பெண் அசையாமல் நிற்கும் காட்சி ஒன்று வரும். அவள் ஒன்றுமே செய்வதில்லை.

பார்க்கும் விதம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கைபேசியில் பார்க்க வேண்டாம். சட்டகத்தின் மூலையில் ரோக் வைத்திருக்கும் சிறிய சிவப்புகள் அதில் தெரியாமல் போகும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடியில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். கரையோர ரயில் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு வசனம் தொலைந்துபோகும், ஆகவே காதில் மாட்டும் நல்ல ஒலிக்கருவியை (ஹெட்போன்) மாட்டிக்கொண்டு பார்ப்பது நல்லது. முன்னோட்டத்தையும் படத்தின் சுருக்கத்தையும் தேடாதீர்கள். கடைசிக் காட்சியின் படமே பல இடங்களில் முகப்புப் படமாகப் போடப்பட்டிருக்கிறது. முதல் அரை மணித்தியாலம் மெதுவாகப் போகிறது என்று அண்ணா எழும்பிப் போகப் பார்த்தால், தேவாலயத்தில் வேலைக்காகக் கட்டிய உயரச் சாரம் சரியும் காட்சி வரை இருக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுடன் இந்தப் படத்தைப் போட்டுப் பார்க்காதீர்கள். போரிலும் கடற்கோளிலும் பிள்ளைகளை இழந்தவர்கள் எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் சொந்தத்திலும் இருக்கிறார்கள். குளத்திலிருந்து தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும் அந்தக் காட்சி மெதுவாக்கப்பட்டு, நீண்டு நிற்கிறது, அதில் திகில் படத்துக்குரிய தூரம் எதுவும் இல்லை. அம்மாவும் சேர்ந்து பார்க்க விரும்பினால் முதலில் அவரிடம் கதையின் தொடக்கத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அவர் தயங்கினால் அன்றைக்கு ‘தி இன்னொசென்ட்ஸ்’ போடலாம்.